மேகம் இறங்கினால் சிவக்கும் பூ

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்பும் மலை ரயில் கல்லாறு வரைக்கும் மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடுகிறது. இரு பக்கமும் பாக்குத் தோப்பு. கல்லாற்றைத் தாண்டியதும் எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளத்து நடுவில் பதித்த பற்களைக் கவ்விப் பிடிக்கிறது. வண்டியின் ஓசை கனக்கிறது. அங்கிருந்து பச்சை பிரியத் தொடங்குகிறது. அடர்லி வரைக்கும் மஞ்சள் ஏறிய பச்சை, ஹில்குரோவ் பக்கம் காட்டு மரங்களின் கறுத்த பச்சை, ரன்னிமேடு தாண்டினால் தேயிலை. தேயிலைக்கென்று தனிப் பச்சை உண்டு. மேல்தட்டில் கொழுந்தின் பொன்மினுக்கு, அடியில் முற்றிய இலையின் நீலங்கலந்த இருட்டு, இரண்டும் ஒரே செடியில்.

நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டியில் உட்கார்ந்தவருக்கு மலை மறைப்பில்லாமல் கிடைக்கும். 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்து சேர்ந்த பாதை இது. 46 கிலோமீட்டருக்குள் 208 வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வெயில் வேறு பக்கத்திலிருந்து விழுகிறது. இந்த ஐந்து மணி நேரத்தையும் தூங்காமல் பார்த்துக்கொண்டே வாருங்கள் என்று வண்ணத்தில் ஆசை உள்ள யாரிடமும் சொல்வேன்.

நான் தூத்துக்குடிக்காரன். பூக்களையும் தோட்டங்களையும் வண்ணத்தை அள்ளிப் போட்டு வரைகிறவன். எங்கள் ஊர் வெளிச்சம் உப்பளத்து வெளிச்சம். காலை பத்து மணிக்கு மேல் அது எந்த நிறத்தையும் விட்டுவைக்காது. செம்பருத்தி ஆரஞ்சாகிவிடும், அரளியின் இளஞ்சிவப்பு வெள்ளையோடு சேர்ந்துவிடும், இலையில் பட்ட வெயில் கண்ணைக் குத்தும். ஆகவே அங்கே பூ வரைவதென்றால் விடியற்காலை, இல்லையென்றால் அந்தி. நடுப்பகலில் நிறம் கூடுகிற ஊர் ஒன்று நீலகிரியில் இருக்கிறது என்று ஓவிய நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்க்கத்தான் சீசன் கூட்டத்தோடு மே மாதம் மலை ஏறினேன்.

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவை வரைகிறவனுக்கு முதலில் பிடித்துப்போவது அதன் சரிவு. தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் 22 ஹெக்டேர் பரப்பில் படிப்படியாக ஏறுகிறது தோட்டம். சமவெளிப் பூங்காவில் முன்வரிசைப் பூ பின்வரிசைப் பூவை மறைத்துவிடும். இங்கே பாத்திகள் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக எழுந்து நிற்பதால் மொத்தத் தோட்டமும் சுவரில் மாட்டிய திரைச்சீலையாக எதிரே விரிகிறது. லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848 முதல் இந்தச் சரிவை வெட்டித் திருத்தி வடிவம் கொடுத்தார். அவர் அமைத்த படிகளில்தான் இன்றைக்கும் பூ நிற்கிறது.

நான் போனபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சால்வியாப் பாத்தி ஒன்றின் முன்னால் தாளை விரித்து உட்கார்ந்தேன். நல்ல சிவப்புத்தான், ஆனால் எங்கள் ஊரிலும் பார்க்கக்கூடிய சிவப்பு. பதினொரு மணி வாக்கில் தொட்டபெட்டாப் பக்கமிருந்து மேகம் இறங்கியது. முதலில் மேல்தட்டு மரங்கள் போயின. பிறகு கண்ணாடி மாளிகை போயிற்று. சுற்றுலா வந்தவர்களின் குரல் மட்டும் கேட்டது, ஆட்கள் இல்லை. அந்தச் சாம்பல் நிறத்துக்கு நடுவே, கைக்கெட்டும் தூரத்தில், சால்வியா எரிந்தது. சற்று முன் பார்த்த பூ இல்லை அது. ஒவ்வொரு கதிரிலும் சிவப்பு கெட்டிப்பட்டு, இதழின் குழிக்குள் கத்தரிப்பூ நிறம் சேர்ந்து, காம்பின் பச்சை கறுத்து, கண்ணை எடுக்கவிடாமல் நின்றது. என் கையில் இருந்த சிவப்பு ட்யூப் எதுவும் அதற்கு ஈடாகவில்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் எனக்கு வியப்பு குறையவில்லை. கடும் வெயிலில் இதழின் மேற்பரப்பு வெள்ளொளியை அப்படியே திருப்பி அடிக்கிறது. அந்த வெள்ளை பூவின் நிறத்தோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. மேகம் இறங்கினால் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் மெல்ல வருகிறது, கூசும் புள்ளி இல்லை, கறுப்பு நிழல் இல்லை. இதழின் மேல் ஈரம் படிந்ததும் மேற்பரப்பின் சிதறல் குறைந்து உள்நிறம் வெளியே வருகிறது. நனைந்த செங்கல் கறுத்துச் சிவப்பதும் இதே காரணத்தால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னணியில் இருந்த ஆயிரம் நிறங்களையும் மேகம் துடைத்துவிட்டுச் சாம்பலை மட்டும் வைக்கிறது. பாரிஸில் கோப்லென் திரைச்சீலைத் தொழிற்கூடத்தின் சாயப் பிரிவில் இருந்த வேதியியலாளர் செவ்ரோல் 1839-ல் எழுதிய பெரிய நூலின் சாரமே இதுதான்: ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் நிறம் முடிவு செய்கிறது. பின்னால் வந்த ஐரோப்பிய ஓவியர்கள் அந்த நூலைக் கொண்டாடினார்கள். அவர் நூலில் விளக்கியதை ஊட்டி மேகம் என் கண் முன்னால் செய்து காட்டிவிட்டுப் போனது.

வண்ணத்தை உரக்கப் போட்டு வரைகிறவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பூ இவ்வளவு சிவப்பாகவா இருக்கும்? இருக்கும். அதைப் பார்க்கிற இடமும் வேளையும் வேண்டும். மிகையாகத் தெரிகிற நிறம் பல நேரம் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது என்பதை நான் இந்த மலையில் உறுதியாகக் கற்றுக்கொண்டேன்.

பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் என் தாளை எட்டிப் பார்த்தார். தலையில் கம்பளித் துண்டு, மேலே பிளாஸ்டிக் உறை, கையில் கொத்து.

"மேகம் போகட்டும்னு எல்லாரும் நிப்பாங்க, போட்டோ எடுக்க. நீங்க மேகத்துல உக்காந்து வரையறீங்களே தம்பி."

"இப்பதான் அக்கா நிறம் நல்லா இருக்கு."

"அது எங்களுக்குத் தெரியும்ல. ஜனவரில விதை போட்டு, தொட்டிக்கு மாத்தி, மே மாசம் ஷோவுக்குக் கொண்டு வர்றோம். வெயில்ல பாக்க நேரம் ஏது?"

ஊட்டி மலர்க் கண்காட்சி 1896-ல் தொடங்கியது. அதன் நூறாவது கண்காட்சியை ஒட்டி 1995-ல் எல்க் ஹில் சரிவில் ரோஜாப் பூங்கா வந்தது. கண்காட்சி நாள்களில் இங்கே பூவை விடத் தலைகளே அதிகம் தெரியும்; வரைய விரும்புகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்கலாம். ஆனால் அந்தத் தொட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை இந்த அக்கா சொல்லித்தான் முழுதாக அறிந்தேன். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் இளஞ்செடி ஒரே இரவில் கருகிவிடும். அதனால் மாலையில் கோத்தகிரி மிலார் என்ற செடியை வெட்டிவந்து பாத்திகளின் மேல் கூரை மாதிரி செருகி வைக்கிறார்கள். விடியலில் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். மே மாதத்து டேலியா, பேன்சி, பெட்டூனியா அத்தனையும் அந்தக் குளிரில் விறைத்த விரல்கள் காப்பாற்றிக் கொடுத்தவை. அதைக் கேட்ட பிறகு ஒரு பாத்தியையும் என்னால் வெறும் வண்ணத் திட்டாக வைத்துவிட்டுப் போக முடியவில்லை.

அவரே என்னை வேலியோரம் இருந்த ஹைட்ராஞ்சியாவிடம் அழைத்துப் போனார். கைப்பிடிக்குள் அடங்காத பெரிய உருண்டைப் பூக்கொத்து. நீலம். சாதாரண நீலம் இல்லை, வானத்தில் தொடங்கிக் கத்தரிப்பூவில் முடிகிற நீலம். "இதே செடிக்குச் சுண்ணாம்பு போட்டா செவந்துரும்" என்றார். ஜப்பானில் பிறந்த இந்தச் செடி மண்ணைப் பார்த்து நிறம் எடுக்கிறது. தேயிலை நன்றாக வளரும் நீலகிரி மண் அமிலத்தன்மை கொண்டது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறி, இதழில் உள்ள நிறமியோடு சேர்ந்து நீலத்தைக் கொடுக்கிறது. சுண்ணாம்பு போட்டால் அலுமினியம் கரையாது, பூ இளஞ்சிவப்புக்குத் திரும்புகிறது.

கொத்திலிருந்து ஒரு பூவை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாம் இதழ் என்று எடுத்துக்கொள்வது உண்மையில் புல்லி இதழ். நான்கும் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. நடுவில் கடுகளவு ஒரு மொட்டு. உண்மையான பூ அதுதான். அந்த மொட்டின் நீலம்தான் மொத்தக் கொத்திலும் ஆழமானது. புல்லி இதழின் விளிம்பில் நீலம் வெளிறிக் கிட்டத்தட்ட வெள்ளையாகிறது, நரம்புகளில் மட்டும் ஊதா ஓடுகிறது. அடியில் இருக்கும் பழைய புல்லிகளில் பச்சை திரும்ப வந்திருக்கிறது. ஒரு கொத்துக்குள் எட்டு நீலமாவது இருக்கும். வெறும் அல்ட்ராமரீனைப் பிதுக்கி வட்டம் போட்டால் அந்தக் கொத்து செத்துவிடும்.

அதை வரைந்த விதத்தைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் தாளை நனைத்து முடிப்பதற்குள் ஒரு மூலை காய்ந்துவிடும். வேகமாகப் போட்டுவிட்டுக் காய்ந்ததன்மேல் அடுத்த வண்ணம் போடுவதே எங்கள் பழக்கம். ஊட்டியில் தாள் காய்வதில்லை. பருத்திக் கூழில் செய்த கெட்டித் தாளை ஒரு தடவை நனைத்தால் அரை மணி நேரத்துக்குமேல் ஈரம் நிற்கிறது. அதன்மேல் நீலத்தை வைத்தால் அது தானாகப் பரவிக்கொள்கிறது. பக்கத்தில் ஊதாவை வைத்தால் இரண்டும் ஓடிவந்து கலந்து, நான் நினைக்காத ஒரு விளிம்பைக் கொண்டுவருகின்றன. பென்சில் கோடு கிடையாது. முதலில் மேகத்தின் சாம்பல், அது ஈரமாக இருக்கும்போதே பூவின் நடு இருட்டு, அதிலிருந்து வெளியே வெளிச்சத்தை நோக்கி. கடைசியில், ஈரம் வற்றும் தறுவாயில், கெட்டியான வண்ணத்தில் இரண்டே இரண்டு இடங்களில் அந்த மொட்டு.

ஜெர்மானிய ஓவியர் எமில் நோல்டே தம்முடைய சேபுயில் வீட்டுத் தோட்டத்துப் பாப்பியையும் ஐரிஸையும் இப்படித்தான் நனைந்த ஜப்பானியத் தாளில் ஊறவிட்டு வரைந்தார். அவர் படங்களை அச்சில் பார்க்கும்போதெல்லாம் வண்ணம் எப்படி இவ்வளவு தூரம் ஓடி, ஆனாலும் பூவாகவே நிற்கிறது என்று யோசிப்பேன். வட கடலோரத்து ஈரக் காற்றும் அதற்குக் கை கொடுத்திருக்க வேண்டும் என்று இங்கே உட்கார்ந்தபோது தோன்றியது. மோனே 1883-ல் ஜிவெர்னியில் குடியேறி, வரைவதற்காகவே ஒரு தோட்டம் போட்டுக் குளம் வெட்டி அல்லி வளர்த்தார். நமக்கு அந்த வேலை மிச்சம். தோட்டமும் மேகமும் அரசுப் பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கின்றன.

இந்த மலையின் பூக்களைத் தாளில் ஏற்றிய கைகள் நமக்கு வெகு முன்பே இருந்தன. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், பருத்திச் சோதனைக்காகக் கோயம்புத்தூரில் இருந்த காலத்தில், நீலகிரிச் செடிகளைத் தொகுத்து 1846-லிருந்து 1851-க்குள் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். கல்லச்சில் அடித்துக் கையால் வண்ணம் தீட்டிய படங்கள். அவருக்காக ஆண்டுக்கணக்கில் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். அவர்கள் வரைந்தவற்றில் பெரும்பகுதி இன்று எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் இருக்கிறது. கோவிந்துவின் கைவண்ணத்தை மதித்து வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் இப்போது அறிவியல் வழக்கில் இல்லை, செடி வேறு பேரினத்துக்குப் போய்விட்டது. ஆனால் ஊர்ப்பெயரோ குடும்ப வரலாறோ சரியாகப் பதிவாகாத ஒரு நம்மூர் ஓவியரின் பெயர் தாவர நூலில் ஏறியது நடந்த சங்கதி. ஊட்டித் தோட்ட வாசலில் ரங்கையா, கோவிந்து இருவர் பெயரையும் எழுதி ஒரு பலகை வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அவர்கள் படங்கள் நான் வரையும் முறைக்கு நேர் எதிரானவை. வெள்ளைத் தாள், நடுவில் ஒரு கிளை, பக்கத்தில் பிளந்து காட்டிய பூ, விதை, சூல்பை. மேகம் இல்லை, காற்று இல்லை. ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இலை காம்பில் எந்தக் கோணத்தில் சேர்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அது தெரியாதவன் வண்ணத்தை எவ்வளவு கொட்டினாலும் பூ உட்காராது. மலைச்சிகரத் தாவரங்களைப் பற்றித் தாவரவியலாளர் பைசன் 1915-லிருந்து 1920 வரை எழுதிய மூன்று தொகுதிகளிலும் அவர் மனைவியும் போர்ன் சீமாட்டியும் வரைந்த கோட்டோவியங்களுக்கு இதே கறார் உண்டு.

தொட்டபெட்டாவுக்குப் போனது காட்டுப்பூவரசுக்காக. ரோடோடென்ட்ரான் பேரினத்து மரம். இமயமலை உறவுகளை விட்டு இவ்வளவு தெற்கே, 2,637 மீட்டர் உயரச் சிகரத்தின் சரிவில், முறுக்கிய தண்டோடு நிற்கிறது. பூத்து ஓயும் பருவம். உச்சிக் கிளைகளில் சில கொத்துகள் மிச்சம் இருந்தன. சால்வியாவின் சிவப்பு விதைப்பொட்டலத்தில் வந்தது. இந்தச் சிவப்பு இந்த மண்ணோடு பிறந்தது. அடர்ந்து, ரத்தத்தின் பக்கம் சாய்ந்து, தோல் போன்ற கரும்பச்சை இலைகளுக்கு நடுவில். காற்று தாளைப் பிடுங்கியது. கிளிப் போட்டு அழுத்தி, பிரஷைத் தூக்கிவிட்டு, விரலால் வண்ணத்தை வைத்தேன். அந்த மரத்தின் பட்டைக்கு விரல்தடம் பொருந்தி வந்தது.

அங்கிருந்து பார்த்தால் தூரத்துச் சரிவுகளில் பளீரென்று மஞ்சள் தெரியும். வரைகிறவன் எவனும் அதை நோக்கித்தான் முதலில் பிரஷை நீட்டுவான். ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்ற இரண்டு ஐரோப்பியப் புதர்களின் பூ அது. வெள்ளைக்காரர்கள் ஊர் நினைவுக்காகக் கொண்டுவந்தார்கள். அவை தோட்டத்து வேலியைத் தாண்டி மலையின் புல்வெளிக்குள் பரவிவிட்டன. நீலகிரியின் மேல்மட்டம் சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்தது. சோலை பள்ளத்தில், புல் மேட்டில். அந்தப் புல்லும் சோலையும் பிடித்து வைக்கும் மழைதான் கீழே பவானிக்கும் மோயாற்றுக்கும் போகிறது. அயல் புதர் ஏறிய இடத்தில் புல் இல்லை, பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை மலையையே நீலமாக்கும் குறிஞ்சிக்கும் இடம் இல்லை. இது தெரிந்த பிறகு அந்த மஞ்சளை நான் என் படத்தில் அழகாக வைக்க விரும்பவில்லை. ஒரு படத்தில் அதைப் பச்சையின்மேல் கொட்டிய எச்சரிக்கை மாதிரி, கலக்காத எலுமிச்சை மஞ்சளில், உறுத்தும்படி வைத்தேன். வரைகிறவனுக்குப் பூவின் வரலாறும் வண்ணத்தின் ஒரு பகுதிதான்.

அந்தி நேரத்தில் இன்னொன்று நடக்கிறது. வெளிச்சம் மங்க மங்கச் சிவப்பு கறுத்துப்போகிறது, நீலமும் பச்சையும் பளிச்சென்று மேலே வருகின்றன. செக் அறிஞர் புர்கின்யே 1819-ல் தமக்குப் பிடித்த சிவப்புப் பூக்கள் விடியலில் கறுப்பாகத் தெரிவதைக் கவனித்து இதைப் பதிந்தார். ஒளி குறைந்தால் நம் கண்ணின் வேறு செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன, அவற்றுக்குச் சிவப்பு தெரியாது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் கதவை மூடும் நேரம் நெருங்கியபோது இதைப் பார்த்தேன். 1874-ல் பள்ளத்தாக்கின் வடிவத்தை மாற்றாமல் அமைத்த தோட்டம் என்பதால் இருட்டு முதலில் அடிமட்டத்துக் குளத்தில் தேங்கி, பிறகு படி ஏறுகிறது. கீழே ஜெரேனியம் ஏற்கெனவே கறுத்துவிட்டது, மேலே அதே பூ இன்னும் சிவப்பு. அந்த வரிசையை அப்படியே ஒரு நீளத் தாளில் இறக்கினேன். எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த படம் அதுதான்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் தேயிலைத் தோட்டத்து ஓரமாக இறங்கி நடந்தேன். கவாத்துக்கும் கொழுந்து பறிப்புக்கும் தப்பிய ஒரு வேலியோரச் செடியில் பூ இருந்தது. தேயிலைக்குப் பூ உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. ஒரு ரூபாய் நாணய அளவு வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தக் காடு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு இலைக்கு அடியில் ஒளிந்திருந்தது.

கோத்தகிரி எனக்கு மார்கரெட் காக்பர்னின் ஊர். சேலத்தில் கலெக்டராக இருந்தவரின் மகள். 1829-ல் சேலத்தில் பிறந்து, கோத்தகிரியில் வாழ்ந்து, தேயிலைத் தோட்டமும் நடத்தி, 1928-ல் இறந்தார். ஏறக்குறைய நூறு ஆண்டு. இந்த மலையின் பறவைகளையும் செடிகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து, பக்கத்திலேயே அவற்றின் வாழ்க்கையைப் பற்றிக் குறிப்பும் எழுதினார். அந்தப் படங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவரைவிட ஓராண்டு இளையவரான மரியான் நார்த் எண்ணெய் வண்ணப் பெட்டியோடு உலகத்தையே சுற்றியவர். 1877-ல் இலங்கைக்கு வந்து, பிறகு தென்னிந்தியாவிலும் வரைந்தார். கியூவில் அவருக்கென 1882-ல் திறந்த கூடத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் சுவரே தெரியாதபடி அடுக்கியிருக்கின்றன. செடியை வெள்ளைத் தாளில் தனியாக வைக்காமல் அதன் மலையோடும் வானத்தோடும் பளபளக்கும் வண்ணத்தில் வரைந்தவர் என்ற வகையில் அவர் எங்கள் கட்சி. ஆனாலும் என் மனம் மார்கரெட் பக்கமே போகிறது. ஒரே மலையில் ஒரே மேகத்தை ஆயுள் முழுக்கப் பார்த்த கண் அவருடையது.

கோத்தகிரியில் பழங்குடியினர் பொருள்கள் விற்கும் கடையொன்றில் ஆலு குறும்பர் ஓவியங்கள் சில பார்த்தேன். வெள்ளரிக்கொம்பை என்ற ஊருக்குப் பக்கத்துப் பாறைகளில் அவர்களுடைய முன்னோரின் ஓவியங்கள் இருக்கின்றன. அந்த மரபைத் துணியிலும் தாளிலும் வெளியுலகம் அறியச் செய்தவர் கிருஷ்ணன் என்ற ஓவியர். வேங்கை மரப் பிசினிலிருந்து பழுப்பு, கருமரப் பட்டையிலிருந்து கறுப்பு, காட்டவரை இலையிலிருந்து பச்சை, களிமண்ணிலிருந்து மஞ்சள். தேன் எடுக்கும் ஆட்கள், மரம், விழா. இலையின் சாறே இலையின் நிறமாக இருந்தது அந்தப் படங்களில். என் பையில் இருந்த ட்யூப் பச்சைகள் அதன் பக்கத்தில் கத்தின. அன்று மாலையிலிருந்து ட்யூப் பச்சையை நிறுத்திவிட்டு, மஞ்சளையும் நீலத்தையும் தாளிலேயே கலந்துதான் இலை போட்டேன்.

ஊருக்குக் கிளம்புமுன் தாவரவியல் பூங்காவின் உச்சிக்கு ஏறிப் போனேன். அங்கே கார்டன் மந்து என்ற தோடர் குடியிருப்பு இருக்கிறது. தோட்டம் வருவதற்கு முன்பிருந்தே இந்தச் சரிவு அவர்களுடைய எருமைகள் மேய்ந்த இடம். வயதான அம்மா ஒருவர் வாசலில் உட்கார்ந்து பூத்துக்குளிச் சால்வைக்குப் பூவேலை செய்துகொண்டிருந்தார். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. வெளுத்த பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு என்ற இரண்டே நூல். துணியில் முன்கூட்டி வரைந்த கோடு எதுவும் இல்லை. நெசவு இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசி ஏறுகிறது. நாம் பின்பக்கம் என்று நினைக்கும், நூல் புடைத்து நிற்கும் பக்கம்தான் அவர்களுக்கு முகப்பு. அந்தப் புடைப்பில் கறுப்புக்குப் பக்கத்தில் நின்ற சிவப்பு, கீழே மேகத்தில் சால்வியா நின்ற அதே தீவிரத்தோடு இருந்தது.

என் படங்களைக் காட்டச் சொன்னார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். சால்வியாவில் நிறுத்தினார்.

"இங்க செவப்பு ஏன் ஊதாவா இருக்கு?"

"மேகம் வந்துச்சும்மா அப்ப."

கீழே தோட்டத்தைப் பார்த்தார். வெயில் அடித்தது. மறுபடி படத்தைப் பார்த்தார். "ஆமா, மேகத்துல அப்படித்தான் ஆவும்" என்றார். பிறகு, "ஆனா இத்தன கலர் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து இழை எண்ணத் தொடங்கினார்.

பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டேன். இடம் காட்டினார். சிவப்பையும் கறுப்பையும் மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மற்ற ட்யூப்களைப் பைக்குள் போட்டேன். கீழே மொத்தத் தோட்டமும் படிப்படியாகத் தெரிந்தது. மேல்தட்டுப் பாத்தியிலிருந்து வரைய ஆரம்பித்தேன்.